ஐந்து நாள் ஆட்டத்தின் சுவை

ஒருவருக்கு ஆனந்தம் தரும் விளையாட்டு மற்றொருவருக்குச் சலிப்பூட்டுவதற்கு, அவரவர் மனம் எத்தகைய எதிர்பார்ப்பில் இன்பம் காண்கிறது என்பதே பெரும்பாலும் காரணம் என்பது என் அபிப்பிராயம். எழுவர் கொண்ட எதிரணிக்குள் ஒருவன் ஒரே மூச்சில் பாடிப் புகுந்து, முப்பது விநாடிக்குள் தொட்டு மீளவேண்டிய கபடியில் அலுப்புக்கு இடமேயில்லை. டெஸ்ட் கிரிக்கெட்டையோ, பந்துக்குப் பந்து தடுத்தாடுவதைக் கண்டு, காலவிரயம் என்று ஒதுக்குவோர் பலர்.

அவர்களுக்கு, 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த ஆட்டத்தையே நான் எடுத்துரைப்பேன். சென்னையின் கொடிய புழுக்கத்தில் வாந்தியெடுத்துக்கொண்டே ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ஓட்டங்கள் குவித்து, பின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டதும், கடைசி நாளில் 348 ஓட்டங்களை இலக்காகக் கொண்ட இந்தியா, கவாஸ்கரின் 90 ஓட்டங்களால் நம்பிக்கை பெற்றுப் பின்னர் தளர்ந்து, இறுதி ஓவரின் ஐந்தாம் பந்தில் மணீந்தர் சிங் ஆட்டமிழக்க, 347-இல் நின்று ஆட்டம் சமனில் முடிந்ததும், அதற்கு முந்தைய நான்கு நாட்களின் நிதானமின்றி விளைந்திருக்கக்கூடியவை அல்ல. ஆடுகளம் தேய்ந்து சுழற்பந்துக்குத் துணைபோவதையும், களைத்த மட்டையாளரின் கால்கள் தயங்குவதையும், அதையறிந்து களத்தடுப்பாளர்கள் மெல்ல நெருங்கி நிற்பதையும் காணப் பழகிய கண்ணுக்கு, ஓட்டமே எடுக்கப்படாத ஒரு மணி நேரமும் பரபரப்பு நிறைந்ததே.

மோட்டார்ப் பந்தயங்களில் மட்டும் எனக்கு இவ்வித ஈடுபாடு உண்டாகவில்லை. ஓட்டுபவரின் முகம் தலைக்கவசத்துள் மறைந்துவிட, அவருடைய துணிவும் தயக்கமும் என் பார்வைக்கு எட்டுவதில்லை.