மென்காற்றுக்கு ஏற்ற பலகை

கொச்சிக் காயலில் விண்ட்சர்ஃபிங் பழக ஆசைப்படுவோர் முதலில் பார்ப்பது பாயின் அளவை. பார்க்க வேண்டியதோ பலகையை.

மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரி பஜாரின் பழைய கிட்டங்கிகளுக்குக் காயலைப் பார்த்தபடி ஒரு பின்வாசல் உண்டு. லாரிகள் வரும் முன் சரக்கு வந்தது அந்த வழியாகத்தான். பிற்பகலில் மேற்கேயிருந்து கடற்காற்று எழுந்ததும் வள்ளங்கள் அகலமான பாயை விரிக்கும். காற்று விழுந்துவிட்டால் வள்ளக்காரர் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவார். பெரிய துணி, நீளமான உடல், நீரில் அதிகம் அமிழாத அடிப்பாகம். பாய் கட்டிய பலகையில் நின்று செல்லும் விண்ட்சர்ஃபிங்குக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான். கையில் கழி மட்டும் இருக்காது.

விண்ட்சர்ஃபிங் என்றதும் நினைவுக்கு வருவது ஹவாய் அலைகளில் பறக்கும் குட்டிப் பலகைகள். அவை 20 நாட்டுக்கு மேல் வீசும் காற்றுக்கானவை (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.). வேகம் பாதியானால் காற்றின் விசை கால்பங்காகிவிடும். அதாவது 10 நாட்டில் கிடைப்பது 20 நாட்டின் நாலில் ஒரு பங்கு மட்டுமே. உடனே பலரும் எட்டும் முடிவு: பெரிய பாயாக வாங்கிவிடலாம். இது பாதி உண்மை.

70 கிலோ எடையுள்ளவர், பாய், கம்பம், பலகை எல்லாம் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 90 லிட்டர் கொள்ளளவுள்ள பலகை அவரை நீர்மட்டத்தில்தான் தாங்கும். நின்றால் கணுக்கால் நனையும், காற்று சற்றே தளர்ந்தால் மூழ்கும். பழகுபவருக்கு 180 முதல் 220 லிட்டர் வேண்டும். நடுவில் இறக்கி ஏற்றும் டேகர்போர்டு இருப்பது அதைவிட முக்கியம். மெதுவாகப் போகும் பலகை பக்கவாட்டில் வழுகாமல் காப்பது அதுதான். டேகர்போர்டு இல்லாத அகலப் பலகைகள் நீர்மேல் எழும்பிச் சறுக்கும் வரைதான் சுகம். அதற்கு, பெரிய பாய் இருந்தாலும், சாதாரணமாக 10, 12 நாட்டாவது வேண்டும்.

பாய்? 70 கிலோ உடம்புக்கு 6.5 முதல் 7.5 சதுர மீட்டர் போதும். 2023 செப்டம்பரில் ஆசிய விளையாட்டின் ஆர்எஸ்:எக்ஸ் பிரிவில் இந்தியாவின் இபாத் அலி வெண்கலம் வென்றார். அந்தப் பிரிவில் ஆண்களுக்கான பாய் 9.5 சதுர மீட்டர். மென்காற்றில் வீரர்கள் அதை விசிறிபோல் இடைவிடாமல் அடித்து வேகம் கூட்டுவார்கள். புதியவருக்கு அந்தத் தெம்பு இருக்காது. தவிர, விழும்போது பெரிய பாயின் முன்னுறையில் நீர் புகுந்துகொள்ளும். அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் முதுகு ஓய்ந்துவிடும்.

இப்போதைய மோகம் ஃபாயில்: பலகைக்கு அடியில் இறக்கை வைத்து, நீருக்கு மேல் எழும்பிப் பறப்பது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங் நடந்தது இதில்தான். மிகக் குறைந்த காற்றிலும் பறக்கும் என்பது உண்மை. ஆனால் இறக்கை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்குகிறது. கொச்சிக் காயலின் ஓரங்களில் சேறு, வலை கட்டும் கழிகள். மழைக்காலத்தில் வேம்பநாட்டிலிருந்து மிதந்து வரும் ஆகாயத்தாமரை வேறு. ஒரு கொத்து சிக்கினாலே பறவை கீழே விழும். சாதாரணப் பலகையிலும் நேர்குத்தான ஃபின்னைவிடப் பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் நல்லது; செடி வழுகிப் போய்விடும்.

இடத்தேர்விலும் கவனம் தேவை. மட்டாஞ்சேரிக் கால்வாய் துறைமுக நீர்ப்பரப்பு. கடற்படைத் தளமும் அருகில். படகுப் போக்குவரத்தும் ஓய்வதில்லை. தெற்கே கும்பளங்கிப் பக்கம் நீர் அமைதியாக இருக்கும். எங்கே இறங்கினாலும் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். வற்றும் ஓதத்தில் காயல் நீர் முழுக்க வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் இடையிலுள்ள முகத்துவாரத்தை நோக்கி ஓடுகிறது. கப்பல்கள் நுழைவதும் அதே வாசலில்தான். மாலையில் காற்று விழுந்தால் பாயைச் சுருட்டிப் பலகைமேல் வைத்து, குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிக் கரை சேர வேண்டும். 3 மீட்டருக்கு மேல் நீளமான பலகையில் அது முடியும். குட்டிப் பலகையில், 9.5 சதுர மீட்டர் ஈரப்பாயையும் சேர்த்துக்கொண்டு, முடியாது.