இலையும் விதையும்: கொத்தமல்லியின் மருத்துவப் பயனும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

உணவு, உடல்நலம் பற்றிய நூல்களை மொழிபெயர்ப்போர் அறிமுகமில்லாத மூலிகைப் பெயரைக் கண்டால் அகராதியை நாடுவர். அன்றாடச் சமையலில் வழங்கும் பெயர்களைப் பொறுத்தவரை அத்தகைய ஐயம் எழுவதில்லை. அதனாலேயே அங்குப் பிழை நேர இடமுண்டாகிறது. இதற்குக் கொத்தமல்லி தக்க சான்றாகும்.

1753ஆம் ஆண்டு லின்னேயஸ் ‘கொரியாண்ட்ரம் சட்டைவம்’ எனப் பெயரிட்ட இச்செடி, இலை, விதை என இருவகைப் பொருள்களைச் சமையலுக்குத் தருகிறது. விதை எனப்படுவது தாவரவியல் நோக்கில் உலர்ந்த கனியே ஆகும். இரண்டின் வேதியியல் கூறுகளும் வேறுபட்டவை. விதையின் மணத்திற்கு லினலூல் என்னும் பொருளும், இலையின் மணத்திற்கு ஆல்டிஹைடு வகைப் பொருள்களும் முதன்மைக் காரணங்களாகும். 100 கிராம் பச்சை இலையில் சுமார் 92 கிராம் நீரும், 27 மில்லிகிராம் வைட்டமின் சி-யும், 310 மைக்ரோகிராம் வைட்டமின் கே-யும் உள்ளன. அதே அளவு விதையில் சுமார் 42 கிராம் நார்ப்பொருள் உள்ளது. வைட்டமின் கே இல்லை எனலாம்.

மரபு மருத்துவத்திலும் இவ்விரண்டின் பயன்கள் ஒன்றல்ல. இடித்த விதையைக் குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்தெடுக்கும் ‘தான்யக ஹிமம்’, நாவறட்சிக்கும் உடல் எரிச்சலுக்கும் உரியதாக ஆயுர்வேதத்தில் வழங்குகிறது. தமிழ் இல்லங்களில் சளிக்கும் செரிமானக் குறைவுக்கும் சுக்குமல்லிக் காப்பி அருந்துவர். இலையோ துவையலாகவும் இரசத்திற்கு மணமூட்டியாகவும் பயன்படுகிறது. இப்பயன்களுள் பல வழிவழி வந்த பட்டறிவைச் சார்ந்தவை. மனிதரிடையே நிகழ்ந்த மருத்துவ ஆய்வுகள் குறைவே. ஆதலால் மூலத்தில் ‘கருதப்படுகிறது’ என்றிருப்பதை மொழிபெயர்ப்பில் ‘குணமாக்கும்’ என உறுதிப்படுத்துதல் பொருந்தாது.

இனி, பெயர் வழக்குகளை நோக்கலாம். தெலுங்கில் இலை ‘கொத்திமீர’, விதை ‘தனியாலு’. மராத்தியில் இலை ‘கோதிம்பீர்’, விதை ‘தணே’. இம்மொழிகளில் தனிச்சொற்களே வேறுபாட்டைக் காட்டுகின்றன. கன்னடத்தில் ‘கொத்தம்பரி’ என்னும் பொதுச்சொல்லுடன் இலையைக் குறிக்கும் ‘சொப்பு’, விதையைக் குறிக்கும் ‘பீஜ’ ஆகியன சேர்கின்றன. இந்தியில் ‘தனியா’ இரண்டிற்கும் பொது. இலையைச் சுட்ட ‘ஹரா’ என்னும் அடை வேண்டும். யுனானி நூல்கள் விதையைக் ‘கிஷ்னீஸ் குஷ்க்’ என்கின்றன. குஷ்க் என்பதற்கு ‘உலர்ந்த’ என்பது பொருள். ஆங்கிலத்திலும் வேறுபாடு உண்டு. பிரித்தானிய வழக்கில் ‘கொரியாண்டர்’ இரண்டையும் குறிக்கும். அமெரிக்க வழக்கில் அது விதையைக் குறிக்க, இலை ‘சிலாந்த்ரோ’ எனப்படும்.

தமிழில் ‘கொத்தமல்லி’ இலைக்கும் விதைக்கும் பொதுவாக வழங்குகிறது. விதைக்குத் ‘தனியா’ என்னும் வழக்கும் உண்டு. ‘மல்லி’ என்பது மளிகைக் கடையில் விதை, பூக்கடையில் மல்லிகை. பேச்சில் இடமும் சூழலும் பொருளைத் தெளிவாக்குகின்றன. மருத்துவக் குறிப்பில் அத்துணை கிடைப்பதில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். இரத்தம் உறைதலைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்வோர், வைட்டமின் கே மிகுந்த உணவுகளை நாளுக்கு நாள் பெரிதும் கூட்டாமலும் குறைக்காமலும் சீராக உண்ணுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். அளவு திடீரெனக் கூடினால் மருந்தின் ஆற்றல் குறையும். அமெரிக்கக் கையேடு ஒன்றில் ‘சிலாந்த்ரோ’ பற்றி வரும் எச்சரிக்கை தமிழில் வெறும் ‘கொத்தமல்லி’ என்றானால், படிப்பவர் குழம்புப் பொடியிலுள்ள விதையைத் தவிர்த்துவிட்டு, இலைத் துவையலை மிகுதியாக உண்ணக்கூடும். அகராதிப்படி சரியான சொல்லும் இவ்விடத்தில் தீங்கு விளைவிக்கும்.

பெயரொப்புமையும் மயக்கம் தரும். அசாமியில் ‘மான் தனியா’ எனப்படுவது, மணத்தால் கொத்தமல்லி இலையை ஒத்திருப்பினும், எரிஞ்சியம் என்னும் வேறு பேரினத்தைச் சார்ந்த செடியாகும். அதனைக் கொத்தமல்லி என்றே பெயர்த்தால் செடியே மாறிவிடும்.

எனவே மருத்துவ, உணவியல் நூல்களில் ‘கொத்தமல்லி இலை’, ‘கொத்தமல்லி விதை’ என உறுப்பைச் சேர்த்தே எழுதுதல் வேண்டும். பச்சையா உலர்ந்ததா என்பதையும், முதல் வழக்கில் தாவரவியற் பெயரையும் தருதல் நலம். மூலமே தெளிவற்றிருப்பின், அளவும் செய்முறையும் துணைபுரியும்: இடித்தல், வறுத்தல் ஆகியன விதையையும், ஆய்தல், கட்டு ஆகியன இலையையும் சுட்டும். அவ்வாறும் துணிய இயலாத இடத்தில், ஒன்றைத் தேர்ந்துவிடாமல் அடிக்குறிப்பில் ஐயத்தைப் பதிவு செய்வதே முறையாகும். இருமொழி அகராதிகளும் இவ்விரு பொருள்களைத் தனித்தனி எண்ணிட்டுத் தருமாயின், மொழிபெயர்ப்பாளர்க்கு அது பெருந்துணையாக அமையும்.