கையெழுத்து வாங்கலையா? கையில போன் இருக்கே!

2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. இதுபோன்ற புயல் ஓய்ந்ததும் ஓடு மாற்ற, தளம் ஒழுகுவதை அடைக்க மேஸ்திரியைத் தேடி ஓடுவோம். புயல் வராத வருஷத்திலும் கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டு கம்பி துருப்பிடிக்கும், பூச்சு உதிரும். அவசரத்தில் எல்லாமே வாய்ப்பேச்சுதான்: "அட்வான்ஸ் குடுங்க சார், மத்தத பாத்துக்கலாம்." பாதி வேலையில் ஆள் வராமல் போனாலோ, பேசியதற்கு மேல் பணம் கேட்டாலோதான் கையெழுத்து ஞாபகம் வரும்.

பதற வேண்டாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். என்ன பேசினோம் என்று நிரூபிப்பதுதான் சிக்கல். அதற்கு உங்கள் போனே போதும்.

எதையெல்லாம் அழிக்காமல் வைக்கணும்?

• வாட்ஸ்அப் உரையாடல், குரல் செய்திகள்
• யுபிஐ, வங்கிப் பரிமாற்ற விவரம்
• சிமெண்ட், கம்பி, பெயின்ட் வாங்கிய பில்கள்
• வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள்

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மூலப் பதிவு போனிலேயே இருக்கட்டும்.

மேஸ்திரிக்கும் உரிமை உண்டு

"எழுத்துல இல்லையே" என்று கூலியை நிறுத்த முடியாது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பலனை நீங்கள் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு. ஆகவே தகராறு இல்லாத தொகையைக் கொடுத்துவிடுங்கள். மீதியை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று ஒரு மெசேஜ் அனுப்புங்கள்.

எங்கே போவது?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஒப்பந்ததாரர் வெளியூர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம்.

ஒரு எச்சரிக்கை: சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் கட்டடத்தின் வேலை என்றால் "வணிக நோக்கம்" என்று புகார் தள்ளுபடியாகலாம். பிழைப்புக்காக நீங்களே நடத்தும் சுயதொழில் என்றால் விலக்கு கிடைக்கலாம்; ஆனால் உறுதியில்லை.

சமரசமாக முடிக்க விரும்பினால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். உதவி எண் 15100. வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் இலவசமாகப் பேசி முடிக்கலாம். இந்த வழி மேஸ்திரிக்கும் திறந்திருக்கிறது. அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்; மேல்முறையீடு கிடையாது.

அடுத்த முறை அட்வான்ஸ் அனுப்பும் முன் இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: "மாடித் தளம் ஒழுகல் வேலை, பொருளோடு சேர்த்து மொத்தம் இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, இந்தத் தேதிக்குள் முடிக்கணும். கூடுதல் வேலைன்னா முன்கூட்டியே சொல்லணும். சரியா?" அவரிடமிருந்து "சரி" என்று பதில் வந்த பிறகு பணத்தை அனுப்புங்கள்.