ஏ.ஐ. ஏஜெண்ட்டும் மொபைல் திரையும்: குறிப்பு எழுதுவதில் கவனம் தேவை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் காதில் இப்போது அடிக்கடி விழும் சொல் "ஏ.ஐ. ஏஜெண்ட்". கேட்ட கேள்விக்குப் பதில் தருவதோடு நிற்காமல், நமக்காக வேலையையும் செய்து முடிக்கும் புரோகிராம் இது. கம்ப்யூட்டருடன் இணைத்த மொபைல் போனில், நாம் கேட்கும் அப்ளிகேஷனின் திரையைக் கூட இதனால் திறக்க முடியும். அது எப்படி என்று இங்கு பார்ப்போம். நான் செய்த ஒரு தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

திரை திறப்பது எப்படி?

ஆண்ட்ராய்டு போனில் ஒரு அப்ளிகேஷனின் திரை பொதுவாக "ஆக்டிவிட்டி" என அழைக்கப்படுகிறது. அதனைத் திறக்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை "இன்டென்ட்". இதனைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்ப, கூகுள் இலவசமாகத் தரும் ஏ.டி.பி. (ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ்) என்ற புரோகிராம் உள்ளது. போனின் செட்டிங்ஸ் பிரிவில் "பில்ட் நம்பர்" என்ற வரியை 7 முறை தட்டினால் "டெவலப்பர் ஆப்ஷன்ஸ்" கிடைக்கும். அதில் யு.எஸ்.பி. டீபக்கிங் வசதியை இயக்கி, கேபிளை இணைத்திடுங்கள். போன் அனுமதி கேட்கும். சம்மதம் தந்தால், கம்ப்யூட்டர் தரும் கட்டளைகளைப் போன் ஏற்றுக் கொள்ளும்.

இந்தக் கட்டளைகளை ஏஜெண்ட்டுக்கு "டூல்", அதாவது கருவியாகத் தர வேண்டும். இதற்கான பொது விதிமுறைகளில் ஒன்றுதான், ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்). இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கக் குறிப்பு, தர வேண்டிய தகவல்களின் பட்டியல் ஆகியவை இருக்கும். கருவியின் உள்ளே இருக்கும் புரோகிராம் ஏஜெண்ட்டுக்குக் காட்டப்படுவதில்லை. குறிப்பைப் படித்துத்தான் எந்தக் கருவி வேண்டும் என்று முடிவு செய்கிறது. சமையலறையில் உப்பு டப்பாவிலும் சர்க்கரை டப்பாவிலும் "வெள்ளைப் பொடி" என்று எழுதி ஒட்டினால் என்ன ஆகும்? எனக்கு அதுதான் ஆனது.

நான் செய்த தவறு

என் அம்மாவுக்குப் பார்வை மங்கல். போனில் எண்களைத் தேடிச் சிரமப்படாமல் இருக்க, இரண்டு கருவிகள் அமைத்தேன். ஒன்று "டயல்": எண்ணைத் திரையில் நிரப்பி நிற்கும், பச்சை பட்டனை நாம்தான் அழுத்த வேண்டும். மற்றொன்று "கால்": உடனே அழைப்பு போய்விடும். சோம்பலில் இரண்டுக்கும் "போன் எண்ணைத் திறக்கும்" என்றே குறிப்பு எழுதிவிட்டேன். இரவு பதினொன்றரை மணிக்குச் சோதனைக்காக, "டாக்டர் நம்பரை எடு" என்றேன். ஏஜெண்ட் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. மறுமுனையில் டாக்டர் பதறிப் போய், "அம்மாவுக்கு என்னாச்சு?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் மறுநாள் முதல் அம்மா அந்தப் போனைத் தொடவே பயந்தார்.

குறிப்பில் என்ன இருக்க வேண்டும்?

1. எந்தத் திரை திறக்கும், அதன்பின் என்ன நடக்கும், என்ன நடக்காது. என் புதிய குறிப்பு: "எண்ணை நிரப்பி மட்டும் காட்டும். அழைப்பு போகாது."

2. தர வேண்டிய தகவலின் வடிவம். போன் எண் என்றால், நாட்டுக் குறியீட்டுடனா, இல்லாமலா என்பதை உதாரணத்துடன் எழுதவும்.

3. முன் நிபந்தனைகள். போன் இணைக்கப்பட்டு, பூட்டு திறந்திருக்க வேண்டும். அந்த அப்ளிகேஷன் போனில் இருக்க வேண்டும்.

4. தோல்வி. சில திரைகளை வெளியிலிருந்து திறக்க அப்ளிகேஷனே அனுமதிப்பதில்லை. "பெர்மிஷன் டினையல்" எனச் செய்தி வரும். அப்போது மீண்டும் மீண்டும் முயலாமல் பயனாளரிடம் சொல்லும்படி எழுதவும்.

5. வெற்றி. "ஸ்டார்ட்டிங்" என்று ஏ.டி.பி. காட்டினால் கோரிக்கை அனுப்பப்படுகிறது என்றுதான் பொருள். சரியான திரைதான் வந்ததா என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார்க்கச் சொல்லவும்.

ஒன்றை மறக்க வேண்டாம். குறிப்பு என்பது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. எவ்வளவு தெளிவாக எழுதினாலும் ஏஜெண்ட் தவறலாம். எனவே நேரடியாக அழைக்கும் கருவியை நான் முழுவதுமாக நீக்கிவிட்டேன். பணம் அனுப்புதல், அழித்தல் போன்ற திரும்பப் பெற முடியாத வேலைகளுக்கும் கருவியே தராதீர்கள். வேலை முடிந்ததும் யு.எஸ்.பி. டீபக்கிங் வசதியை நிறுத்திவிடுங்கள்.

இப்போது அம்மா கேட்டால், எண் பெரிதாகத் திரையில் வந்து நிற்கிறது. பச்சை பட்டனை அவரே அழுத்துகிறார். அதன்பின்தான் அவருக்குப் பயம் போனது.