ஸ்பேஸ் பார் மட்டும் ஏன் 'கடகட'ன்னு ஆடுது?

மெக்கானிக்கல் கீபோர்டு புதிதாக வாங்கியவர்கள் பலரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு. எழுத்து கீ எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மட்டும் 'கடகட'ன்னு தகர டப்பா சத்தம். உடனே ஸ்விட்ச் போச்சுன்னு நினைத்து அதை மாற்றுவார்கள். சத்தம் அப்படியேதான் இருக்கும். ஏன்னா, பெரும்பாலும் குற்றவாளி ஸ்விட்ச் இல்லை, அதன் இருபுறமும் இருக்கும் ஸ்டெபிலைசர்.

சாதாரண எழுத்து கீ சுமார் 19 மி.மீ. இடத்தை எடுத்துக்கொள்ளும். ஸ்பேஸ் பார் பொதுவாக அதைப்போல 6.25 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 12 செ.மீ. ஆனால், அதற்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு ஸ்விட்ச்தான், அதுவும் நடுவில். ஓரத்தில் அழுத்தினால் என்ன ஆகும்? சீசா பலகை மாதிரி ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் தூக்கும். நடுத்தண்டு சாய்ந்து சிக்கிக்கொள்ளும். நாமோ ஸ்பேஸ் பாரை நட்டநடுவில் தட்டுவதே இல்லை, கட்டைவிரல் எங்கே விழுதோ அங்கேதான். ஷிஃப்ட் கதையும் இதேதான். ஆங்கில எழுத்து வழியாகத் தமிழ் அடிப்பவர்கள் 'ண', 'ள', 'ற' வரும்போதெல்லாம் அதன் ஓரத்தைத்தான் அழுத்துகிறார்கள்.

இந்தச் சாய்வைத் தடுப்பது ஒரு சாதாரண எஃகுக் கம்பி. கீயின் நீளவாக்கில் ஓடி, இரு முனையிலும் வளைந்து, இரண்டு பிளாஸ்டிக் தண்டுகளுக்குள் நுழைந்திருக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் கம்பி தன் அச்சில் சுழலும். அந்தச் சுழற்சி மறுமுனையையும் அதே அளவு கீழே இழுத்துவிடும். கீ மட்டமாகவே இறங்கும். கரன்ட், ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பேக்ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட் என இரண்டு மடங்கும் அதற்கு மேலும் நீளமான கீகளில் இதைப் பார்க்கலாம்.

சரி, சத்தம் எங்கிருந்து வருது? கம்பி அசைய வேண்டுமென்றால் பிளாஸ்டிக் துளையில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில்தான் எஃகு பிளாஸ்டிக்கில் மோதுகிறது. கம்பி லேசாக முறுகியிருந்தால் இன்னும் மோசம். கழற்றிய கம்பியைக் கண்ணாடி மேல் வைத்து ஒரு முனையை விரலால் தட்டிப் பாருங்கள். மறுமுனை எழும்பினால் கம்பி நேராக இல்லை. கையால் மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம்.

கம்பி நுழையும் இடத்தில் கெட்டியான டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் வைத்தால் பெரும்பாலான சத்தம் அடங்கிவிடும். அளவு மீறினால் கீ மேலே வரவே சோம்பல்படும். தையல் மெஷின் எண்ணெய் பக்கம் மட்டும் போகாதீங்க, வழிந்து ஓடிவிடும்.

செர்ரி வகை ஸ்டெபிலைசர் என்றால் கீயின் மூடியை நேராக மேலே இழுத்து எடுக்கலாம். காஸ்டார் வகையில் கம்பி மூடியிலேயே மாட்டியிருக்கும். வெடுக்கென இழுத்தால் கொக்கி உடையும். அடிப்பலகையில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தியதாக இருந்தால், கீபோர்டையே பிரிக்க வேண்டும். ஸ்விட்சுகள் சால்டர் செய்யப்பட்டிருந்தால் அது ஒரு நாள் வேலை. அதற்கு, மூடியை மட்டும் எடுத்துவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் மேலிருந்தே கிரீஸ் விடுவது எவ்வளவோ மேல்.