பியானோவின் நூற்றாண்டு – 9: நடந்தே ஆடும் நடனம்

போலந்தில் அந்தக் காலத்துப் பெரிய விருந்துகள் பொலொனேஸ் ஆடித்தான் தொடங்கும். நடனம் என்று பெயரே தவிர, அதில் துள்ளலோ சுழற்சியோ கிடையாது. ஜோடி ஜோடியாகக் கைகோத்து, முழங்காலை லேசாக மடக்கி, தலை நிமிர்ந்து, நீண்ட வரிசையில் கூடத்தை வலம் வருவார்கள். மூன்று அடித் தாளம். முதல் அடியின் பின்பாதி மட்டும் இரண்டாக உடையும். அந்தச் சின்ன உடைப்புதான் நடைக்கு மிடுக்குத் தருகிறது. இன்றும் அங்கே பள்ளி இறுதித் தேர்வுக்குச் சுமார் நூறு நாள் முன்பு நடக்கும் விருந்தில் மாணவர்கள் இதை ஆடுகிறார்கள்.

போலந்து இசையமைப்பாளர் ஷோப்பினின் பெயரில் முதலில் அச்சேறியதும் ஒரு பொலொனேஸ்தான். 1817, வார்சா, அவருக்கு ஏழு வயது. 1830 நவம்பரில் ஊரைவிட்டுக் கிளம்பினார். அந்த மாதம் முடிவதற்குள் அங்கே ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் வார்சா வீழ்ந்தது. பாரிஸில் தங்கிவிட்ட ஷோப்பின் தாய்மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை.

1842இல் அவர் எழுதிய ஏ-ஃப்ளாட் மேஜர் பொலொனேஸை (ஓபஸ் 53) உலகம் 'வீர பொலொனேஸ்' என்கிறது. அவர் வைத்த பெயரல்ல அது. ஆறேழு நிமிடம்தான். ஆனால் பியானோ கலைஞர்களின் கைபலத்தைச் சோதிப்பதில் இதற்கு இணையானவை குறைவு. நடுப்பகுதியைக் கேளுங்கள். இடது கையின் கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஆக்டேவ் இடைவெளியில் விரிந்து நிற்க, இறங்குமுகமான நான்கே சுரங்கள் மறுபடி மறுபடி ஓடுகின்றன. மெல்லத் தொடங்கி ஒலி ஏறிக்கொண்டே போக வேண்டும். மணிக்கட்டு தளர்வாக இல்லாவிட்டால் சில வரிகளிலேயே முன்கை இறுகிவிடும். மேலே வலது கையோ எதுவும் நடவாததுபோல் ஓர் அணிவகுப்பு மெட்டை வாசிக்க வேண்டும். குதிரைப்படை வருவதாகப் பலருக்கும் கேட்கிற இடம் இது.

இங்கேதான் எல்லோரும் வேகம் பிடிக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஷோப்பினுக்கும் பொறுக்கவில்லை. இந்தப் பொலொனேஸை வேகமாக வாசிக்கக் கேட்டு எவ்வளவு வருந்தினார் என்பதை, தன் தோளில் கைவைத்து அவர் சொன்னதாக நண்பர் சார்ல்ஸ் ஹாலே எழுதியிருக்கிறார். வேகம் அதன் கம்பீரத்தை அழித்துவிடுகிறது என்பது அவர் ஆதங்கம். மாணவர் குட்மனின் நினைவு இன்னும் முக்கியமானது: அந்த ஆக்டேவ் ஓட்டத்தை ஷோப்பின் மிக மெதுவான ஒலியில் தொடங்குவார், பெரிதாக ஏற்றவும் மாட்டார். நோயில் மெலிந்த உடம்பு ஒரு காரணம். ஆனால் பியானோவை அடித்து வாசிப்பதே அவருக்கு ஆகாது. அவர் விரும்பியது மென்தொடுகைக்கு இசையும் பிளெயெல் பியானோ.

1795இல் வரைபடத்திலிருந்தே அழிக்கப்பட்ட நாட்டின் நடனம் இது. அதை ஓடவிட்டால் வரிசை கலைந்துவிடும். பதிவுகளைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் சோதனை எளியது: அந்த இசைக்கு நிமிர்ந்து நடக்க முடிகிறதா? பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனின் பதிவுக்கு நடக்கலாம். ஆக்டேவ்கள் ஓய்ந்தபின், முதல் மெட்டு திரும்புவதற்கு முன்னால் வழிதெரியாமல் அலைகிற ஒரு பகுதி உண்டு. கைதட்டலுக்கு அதில் எதுவும் இல்லை என்பதால் பலர் அவசரமாகக் கடக்கிறார்கள். நல்ல கலைஞரை எனக்குக் காட்டிக்கொடுப்பது அந்தப் பகுதிதான்.

(தொடரும்)