நீர்ப்பம்பியின் அமுக்கத் தொட்டி: பழுதறிதலும் திருத்துதலும்

இரத்தோட்டை போன்ற மலைச்சரிவுப் பகுதிகளிற் கிணறு தாழ்விலும், வீடும் மரக்கறி நாற்றுமேடையும் மேட்டிலும் அமைவது இயல்பு. ஆங்கு நீரேற்றித் தருவது வீட்டின் சிறிய மின்பம்பியேயாகும். மழையற்ற நாட்களில் அது நின்றுவிடின், தக்காளி, கறிமிளகாய் நாற்றுக்கள் இரண்டொரு தினங்களில் வாடிவிடும். ஆதலின் பம்பி கெட்டுவிட்டதெனக் கருதிப் புதியதொன்றை வாங்குமுன், கமக்காரர் அமுக்கத் தொட்டியிலுள்ள காற்றைச் சோதித்தல் வேண்டும். குறை பம்பியில் இல்லாது, இக்காற்றிலேயே இருத்தலும் கூடும்.

தொட்டி தொழிற்படும் விதம்

இக்காலத் தொட்டிகள் பலவற்றினுள்ளே இறப்பர்ப் பை ஒன்றுண்டு. பைக்குள் நீரும், பைக்கும் உருக்குச் சுவருக்கும் இடையே காற்றும் இருக்கும். நீர் உட்புகும்போது காற்று நெருக்குண்டு சுருங்கும். குழாயைத் திறந்ததும் விரிந்து நீரை வெளியே தள்ளும். அமுக்கம் கூடக் காற்றின் கனவளவு குறையுமென றொபேட் பொயில் என்னும் அறிஞர் 1662 ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியே இதற்கு அடிப்படை.

சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல் (1.4 பார்) அமுக்கத்திற் பம்பி ஓடத் தொடங்கி, 40 இறாத்தலில் (2.8 பார்) நிற்குமாறு அமுக்க ஆளி அமைக்கப்பட்டுள்ளதெனக் கொள்வோம். காற்றுச் சரியாகவுள்ள 24 லீற்றர்த் தொட்டி, பம்பி ஓடாமலே ஏறக்குறைய 8 லீற்றர் நீர் தரும். வெறுந்தொட்டியின் காற்று 5 இறாத்தலாகக் குறைந்திருப்பின் 5 லீற்றரே கிடைக்கும். காற்று முற்றாக அற்றுப்போயின், ஒரு கோப்பை நீர் எடுக்கவும் பம்பி ஓடும். தொடங்கும் ஒவ்வொரு முறையும் மோட்டர் வழமையிலும் பன்மடங்கு மின்னை இழுப்பதால், அதன் கம்பிச்சுருள் சூடேறி எரியக்கூடும். ஆளியின் தொடுமுனைகளும் தேயும்.

பழுதின் அறிகுறிகள்

1. குழாய் திறந்திருக்கையிற் பம்பி சில விநாடிகளுக்கு ஒருமுறை ஓடி நிற்றல்.
2. நீர் விட்டுவிட்டுப் பாய்தல்.
3. அமுக்கமானியின் முள் திடீரென ஏறி இறங்குதல்.

சோதிக்கும் முறை

முதலில் மின்சாரத்தைப் பிரதான ஆளியில் நிறுத்துக. பின்னர்த் தாழ்ந்த குழாயொன்றைத் திறந்து, அமுக்கமானி சுழியைக் காட்டும்வரை நீரை வெளியேற்றி, அக்குழாயைத் திறந்தபடியே விடுக. தொட்டியின் காற்றுவாய் மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ளதைப் போன்றதாகும். அதன் மூடியைக் கழற்றி, நடு ஊசியைச் சிறிது அழுத்துக.

நீர் வெளிவரின் பை கிழிந்துள்ளது. பையை மாற்றுதல் வேண்டும். மாற்ற இயலாத அமைப்பாயின் தொட்டியையே மாற்றுதல் வேண்டும்.

காற்று மட்டும் வெளிவரினும், ஒன்றும் வெளிவராவிடினும், சக்கரக் காற்றுமானியால் அளந்து பார்க்க. பம்பி ஓடத் தொடங்கும் அமுக்கத்திலும் 2 இறாத்தல் குறைவாக, மேற்கூறிய அமைப்பில் 18 இறாத்தலாக, காற்று இருத்தல் வேண்டும். குறைந்திருப்பின் சைக்கிள் பம்பினால் அடித்து நிரப்பலாம். மீண்டும் சில வாரங்களிற் குறையுமாயின், காற்றுவாயிற் சவர்க்கார நுரையைத் தடவுக. குமிழி எழுந்தால் அதன் உள்ளூசியை மாற்றுக.

பையில்லாத பழைய தொட்டியில் காற்று நீரிற் கரைந்து நாளடைவில் அற்றுப்போகும். மின்சாரத்தை நிறுத்தி, நீர் முழுவதையும் வடித்துக் காற்றை உட்புக விட்டு, மீண்டும் நிரப்புதல் வேண்டும்.

வேறு காரணங்கள்

குழாய்கள் யாவும் மூடியிருக்கப் பம்பி இடையிடையே ஓடுமாயின், நீர் எங்கோ கசிகின்றது. தொட்டியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் அடைப்பை மூடி, பம்பியை நிறுத்தி, முள்ளைக் கவனிக்க. முள் இறங்காவிடின் கசிவு வீட்டுக் குழாய்களில் உள்ளது. தொட்டியின் அருகே கசிவின்றியும் முள் இறங்குமாயின், நீர் கிணற்றுக்குத் திரும்புகின்றது. கிணற்றினுள்ளுள்ள அடிவால்விற் குப்பை சிக்கியுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

மேட்டு நிலத்தார் மற்றொன்றையும் கவனித்தல் நன்று. தொட்டியிலும் 10 மீற்றர் உயரத்திற் குழாய் இருப்பின், அவ்வேற்றத்துக்கே ஏறக்குறைய 14 இறாத்தல் செலவாகும். 20 இறாத்தலில் எஞ்சுவது 6 மட்டுமே. ஆங்கு நீர் மெலிந்து பாய்வதைத் தொட்டியின் பழுதெனக் கொள்ளலாகாது.

எச்சரிக்கை

ஈரக் கையுடன் ஆளியைத் தொடாதீர். தொட்டியில் நீரமுக்கம் இருக்கையிற் காற்று நிரப்பாதீர். தொட்டியிற் பொறிக்கப்பட்ட உச்ச அமுக்கத்தை மீறாதீர். துருவேறி மெலிந்த தொட்டிக்குக் காற்றடித்தல் ஆபத்தானது. ஆளியினுள்ளும் மோட்டரினுள்ளும் செய்யவேண்டிய திருத்தங்களை மின்வேலை அறிந்தவரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

சிறுபோகத்துக்கு முன்பும் பெரும்போகத்துக்கு முன்பும், ஆண்டில் இருமுறை காற்றை அளந்து, அளவையும் திகதியையும் தொட்டியின் மீது எழுதி வைப்பீராக. காற்றுக் குறைவதை அவ்வாறு முற்கூட்டியே அறிந்துகொண்டால், நாற்றுக்கு நீர் வேண்டிய நாளிற் பம்பி எரியாது காக்கலாம்.